துரையின் எடையும் மாமாவின் வாயும்

என் அக்காவின் கணவருக்கு எங்கள் தெருவில் தராசு என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையில் தூங்குகிறது. லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறை, சன்னலில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை, எதிரே தரையோடு தரையாக இரும்பு மேடை. லாரி ஏறி நிற்கும். மாமா எடையைப் பார்த்துச் சீட்டைக் கிழித்து ஓட்டை வழியாக நீட்டுவார். சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. ஆயுசு முழுக்க இதையே செய்தவர் கண்ணால் பார்த்தே எடை சொல்லப் பழகிவிட்டார். சிமெண்டு மூட்டை, சூட்கேஸ், எதிர்வீட்டு அம்மாள், எதுவும் தப்பாது. கடைசியாகச் சொன்னதற்கு எதிர்வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது மாமாவைப் பார்த்துச் சொன்ன பழமொழிதான். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மூன்றாம் மாடிக்குக் கட்டில் வாங்கி வந்தபோது, "இது படியில திரும்பாது" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். திரும்பவில்லை. கட்டில் ஒரு ராத்திரி மழையில் தெருவில் கிடந்தது. அந்த ஜோடி அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் பேசியிருப்பார்கள்.

அக்காதான் அவரைத் திருத்தினாள். "கேட்டா சொல்லுங்க. கேக்காட்டி வாய மூடிக்கிட்டு இருங்க. ஊருக்கு உபதேசம் பண்ணி நாம என்னத்தக் கண்டோம்?" என்பாள். மாமா அடங்கிப்போனார். வெளியே வாயைக் கட்டியதற்கு ஈடாக வீட்டில் எல்லாவற்றையும் அக்காவிடம் கேட்டார். இந்தச் சட்டையா அந்தச் சட்டையா, குடை வேண்டுமா வேண்டாமா, மேலாளர் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கலாமா. அவளைக் கேட்காமல் அவர் ஒரு தந்திகூட அடித்ததில்லை என்று நான் கிண்டல் செய்வேன். "கேட்டா என்னடா குறைஞ்சிடும்? அவ சொன்னா சரியா இருக்கும்," என்பார்.

எனக்குப் பக்கத்துத் தெருவில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றி காயில் கட்டிக்கொடுக்கும் கடை. கல்யாணம் ஆகவில்லை. ஆகையால் இரவுச் சாப்பாடு அக்கா வீட்டில். அந்த உரிமையில்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

மாமாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு நண்பர். அக்கா வீடு கீழ்த்தளத்தில் இருக்கும் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் கடல் தாண்டி இருக்கிறாள். எழுத்துப் படிக்க முடியாதபடி கண் மங்கிவிட்டது. சாயங்காலம் மாமா வேலை முடிந்து வந்ததும், கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்து முற்றத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவார். கண்டக்டர் மெதுவாக இறங்கி வருவார். மாமா பேப்பரை முதல் பக்கத்திலிருந்து 'காணவில்லை' விளம்பரம் வரை வாசிப்பார். கண்டக்டர் ஒவ்வொரு செய்திக்கும் தீர்ப்பு சொல்வார். லாரி டிரைவர்களிடம் நாளெல்லாம் திட்டு வாங்குகிற மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மரியாதை கிடைக்கிற இடம். அக்காவின் சமையலறைப் பின்கதவு அந்த முற்றத்தில்தான் திறக்கும். அவள் உள்ளேயிருந்து கேட்டுச் சிரிப்பாள்.

கண்டக்டரோடு அவர் நாயும் வரும். பெயர் துரை. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தே இருக்கும், நடையிலும் பார்வையிலும் உண்மையிலேயே ஒரு துரைத்தனம். பேப்பர் வாசிக்கும்போது மாமாவின் பாதத்தின்மேல்தான் உட்காரும். அதனால்தான் அவருக்கு முதலில் தெரிந்தது.

"துரை ஏறிக்கிட்டே போறான்," என்றார் ஒருநாள் சாப்பாட்டில்.

"எங்க, மாடிக்கா?" என்றேன்.

"எடையில. என் கால் மரத்துப் போகுது மச்சான். இப்படியே போனா பின்னங்கால் ரெண்டும் விட்டுடும்."

அக்கா தட்டைப் பார்த்தபடி, "அவர் நாய், அவர் சோறு. நமக்கெதுக்கு வம்பு?" என்றாள்.

மாமாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் மனம் கேட்கவில்லை. அடுத்தவர் பிள்ளையை ஏன் இப்படி வளர்க்கிறாய் என்று கேட்பதும், அடுத்தவர் நாய்க்கு என்ன போடுகிறாய் என்று கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். தனியாக இருக்கும் மனிதர். அன்பைக் காட்ட வீட்டில் வேறு வாய் கிடையாது. தட்டில் நாலு வாய் கூடத்தான் விழும். அதில் போய் எப்படி மூக்கை நுழைப்பது?

"சொன்னா மனுஷன் போயிடுவார். சொல்லாட்டி நாய் போயிடும்," என்றார்.

"ஜாடையா சொல்லிப் பாருங்களேன்," என்றேன் நான்.

மாமாவின் ஜாடை எப்படியென்றால், மறுநாள் பேப்பரில் இல்லாத செய்தியை வாசித்தார். "வளர்ப்பு நாய்களுக்கு அதிக உணவு ஆபத்து, டாக்டர்கள் எச்சரிக்கை." கண்டக்டர் தலையாட்டினார். அடுத்த நாள், "உடல் பருமனால் நாய் அவதி, உரிமையாளர் கண்ணீர்." அதற்கும் தலையாட்டினார். மூன்றாவது நாள் இன்னொன்றை மாமா எடுத்துவிட்டதும், "பத்திரிகைக்காரனுக்கு நாய விட்டா வேற நியூஸே இல்லையா தராசு?" என்று கேட்டார். மாமா அவசரமாகத் தங்கம் விலைக்குத் தாவினார்.

பிறகு ஒரு சாயங்காலம் துரை முதல் மாடிப் படியிலேயே நின்றுவிட்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆளைப் பார்த்தது. தன் முழங்காலே சொன்னபடி கேட்காத கண்டக்டர் அதைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சாய்ந்து இறங்கினார். அன்றைக்கு மாமாவால் வாயைக் கட்ட முடியவில்லை. பேப்பரை மடித்துவிட்டுச் சொல்லிவிட்டார். நான் அப்போது மோட்டார் அறையில் வேலையாக இருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"கண்டக்டரே, தப்பா எடுத்துக்காதீங்க. பாசம்னு நெனச்சுக்கிட்டு இவனக் கொல்றீங்க."

"டாக்டர் சொன்ன அளவுதான் போடறேன் தராசு. கப்புல அளந்துதான். பிஸ்கட்கூட நிறுத்திட்டேன்."

"அளந்து போட்டா இந்த உடம்பு எங்கேருந்து வருது?"

கண்டக்டர் மாமாவின் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தார். இப்போது மாமாவின் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சரக்குச் சீட்டில் எழுதிய எடையும் மேடை காட்டும் எடையும் ஒத்துவராவிட்டால், காரணம் எப்போதும் டிரைவர்தான். கிளீனரைத் தன் இருக்கைக்குப் பின்னால் படுக்கவைத்திருப்பான், தண்ணீர்த் தொட்டியை நிரப்பியிருப்பான். கேட்டால் கண்ணைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பான். அப்படிப் பார்த்தவனெல்லாம் மாட்டியிருக்கிறான். அந்தப் பழக்கத்தில்தான் மாமா சொன்னார்.

"எங்க மேடையில ஒண்ணு சொல்லுவோம். லாரி பொய் சொல்லாது, டிரைவர்தான் சொல்லுவான்."

முப்பது வருஷம் சில்லறை விஷயத்தில் ஒரு சொல் கேட்காதவர் கண்டக்டர். அவர் முகம் சுருங்கியது. "சரி தராசு. நீங்க சொன்னா எடை சரியாத்தான் இருக்கும்," என்று எழுந்தார். துரையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். தூக்கிவிட மாமா நீட்டிய கையை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் இறங்கி வரவில்லை. மாமா தினமும் இரண்டு நாற்காலிகளையும் போட்டார். தனக்குத்தானே கொஞ்ச நாள் வாசித்தார். பிறகு பேப்பரைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டதே என்று எனக்கே வருத்தம். சாப்பாட்டில் வழக்கம்போல் அக்காவைத்தான் கேட்டார்.

"நான் சொன்னது தப்பா?"

"நீங்க என்ன தப்பா சொல்லிட்டீங்க? நல்லதுக்குத்தானே சொன்னீங்க," என்றாள் அக்கா. "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? அவர் மேல தப்பில்லாட்டி எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கணும்?"

மாமாவுக்கு அது பெரிய ஆறுதல். நண்பன் போனாலும் நியாயம் தன் பக்கம் என்று ஒரு பிடி. அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வாரங்களை ஓட்டினார்.

ஒருநாள் எடை இயந்திரத்தைச் சோதித்து முத்திரை வைக்க அரசாங்க ஆட்கள் வந்தார்கள். மேடையை மூடிவிட்டார்கள். மாமா மத்தியானமே வீடு திரும்பினார். முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அக்கா தூங்குவாள், தட்டி எழுப்ப வேண்டாம் என்று பின்பக்கமாகப் போனார். சமையலறைக் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் துரையின் பின்பக்கம், பெரிதாக, வாலோடு. சோற்றுக்காக மட்டும் எப்படியோ படி இறங்கி வந்திருக்கிறது. உள்ளே அக்கா குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தட்டில் உரித்த முட்டைகள், கறித்துண்டுகள். கண்டக்டர் மத்தியானத்தில் தூங்கும் நேரம் அவளுக்குத் தெரியும். நாய்க்கும் தெரியும்.

"மெதுவா சாப்பிடு ராசா," என்று அவள் சொல்வது மாமாவுக்குத் தெளிவாகக் கேட்டது. "இங்க யாரும் உன்ன எடை போட மாட்டாங்க."

மாமா வந்த வழியே திரும்பி, நேராக என் கடைக்கு வந்தார். நான் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். குரல் ஏறவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தினம் காலையில மேடைக்கு அடியில கல்லு ஏதாவது சிக்கியிருக்கான்னு கம்பி விட்டுப் பாத்துட்டுத்தான் மொத லாரிய ஏத்துவேன் மச்சான். என் வீட்டுல பாக்கத் தோணலையே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ஒரு முழு நாயையே மறைத்திருக்கிறாள். நாய்க்குப் போட்டதைக்கூட விடுங்கள். தினமும் தட்டில் போட்டுக்கொண்டே, அவர் நண்பரைக் குற்றமுள்ள நெஞ்சு என்று சொன்னாளே, அது எப்படி வந்தது அந்த வாயில்? கூடப் பிறந்தவள் என்பதற்காக நான் மழுப்ப முடியாது. அது நம்பவைத்துக் கழுத்தை அறுத்த வேலை.

"மொதல்ல கண்டக்டர்கிட்ட போகணும். நீயும் வா," என்றார். தனியாகப் போக அவருக்குக் கால் வரவில்லை.

சாயங்காலம் போனோம். கண்டக்டர் வீட்டில் பாதிச் சாமான்கள் அட்டைப் பெட்டிகளில் ஏறியிருந்தன. துரை மூலையில் சாக்கின்மேல் படுத்திருந்தது. மாமாவைக் கண்டு எழுந்திருக்கப் பார்த்து, பின்கால் வழுக்கி, வாலை மட்டும் ஆட்டியது. மாமா நின்றபடியே சொன்னார்.

"உங்கள பொய்யன்னு சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க. சோறு போட்டது எங்க வீட்டுல."

"தெரியும்," என்றார் கண்டக்டர்.

"தெரியுமா?"

"மத்தியானம் இவன் தட்டுத் தடுமாறி மேல வரும்போது வாயில வெண்ணெய் வாசனை. எனக்குக் கண்ணுதான் மங்கல் தராசு, மூக்கு நல்லா இருக்கு. உங்க வீட்டம்மாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். நிறுத்திடறேன்னாங்க. கதவச் சாத்தி வச்சா இவன் கத்தி ஊரையே கூட்டிடறான்."

"அப்ப அன்னிக்கு நான் அப்படிச் சொன்னப்போ ஏன் வாயத் திறக்கல?"

"திறந்தா யாரு பேரு வரும்? புருஷன் பொண்டாட்டி நடுவுல நான் எப்படிக் கேக்காமக் கொள்ளாமப் பேசறது?"

"நீங்க ஜாடை காட்டியிருக்கலாமே."

கண்டக்டர் துரையின் மடிந்த காதைத் தடவினார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. மாமா அசையாமல் நின்றார். கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று நின்றவரிடம் வேறு வழியில்லை.

"காட்டினேனே. அவங்க உங்களுக்குப் பின்னால கதவுலதான் நின்னாங்க. நீங்க அந்த வார்த்தைய சொல்லும்போது அவங்களத்தான் பாத்தேன். 'இல்லீங்க, நான்தான் போடறேன்'னு ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு பாத்தேன். உள்ள போயிட்டாங்க."

மாமா பக்கத்தில் இருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்ல," என்றார் கண்டக்டர். "ஆனா இனிமே கீழ வந்து என்னால உக்கார முடியாது. அந்தக் கதவப் பாத்துக்கிட்டு எப்படி உக்காரறது? இவனும் படிக்குப் படி உக்காந்துதான் ஏறறான். டாக்டர் இனிமே படியே கூடாதுன்னுட்டாரு. தரைத்தளத்துல வீடு பாத்துட்டேன், கொஞ்சம் தூரம்தான். ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வாங்க. பேப்பர எடுத்துக்கிட்டு வாங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கு அக்கா வீட்டுக்குப் போக விருப்பமில்லை. மாமா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அக்கா பரிமாறினாள். மாமா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"இன்னிக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பின்பக்கமா. பாத்தேன்."

அக்காவின் கை கரண்டியோடு நின்றது. பிறகு அழுதாள். அழுகையோடு அழுகையாக அவளும் சொல்லத்தான் செய்தாள். "நான் என்ன பண்ணட்டும்? உங்க உடம்புக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருன்னு நீங்க எதப் போட்டாலும் அதிகம்னு தள்ளுவீங்க. தம்பி இவனுக்கு எதப் போட்டாலும் ஒண்ணுதான், மண்ணப் போட்டாலும் தின்பான். நான் சமைச்சதுக்கு வாலாட்டினது அந்த ஒரு ஜீவன்தான்."

என்னைச் சொன்னது உண்மைதான். மாமாவைச் சொன்னதும் பொய்யில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சமையலை அவர் அளந்திருக்கிறாரே தவிர, நன்றாக இருக்கிறது என்று வாயாரச் சொல்லி நான் கேட்டதில்லை. கோபத்தின் நடுவிலும் எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமாவுக்கும் இருந்திருக்க வேண்டும். முகம் இளகிவிட்டது.

"சரி, அது என் தப்புதான். அத விடு," என்றார். தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "நான் கண்டக்டர அப்படிச் சொன்ன அன்னிக்கு நீ எங்க இருந்தே?"

அவர் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பயந்துட்டேன்னு ஒரு வார்த்தை போதும். அவமானமா இருந்துச்சுன்னு சொன்னாலும் போதும். மனிதர் மன்னித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருப்பார்.

"உள்ளதான் இருந்தேன்," என்றாள் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குழாய் ஓடிட்டு இருந்துச்சு. நீங்க பேசினது எதுவும் எனக்குக் கேக்கல."

"அப்படியா," என்றார் மாமா. தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

கண்டக்டர் வீடு மாறிப் போய்விட்டார். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். துரை இளைத்திருக்கிறதாம், ஆனால் பின்கால் பழையபடி ஆகவில்லை. வீட்டில் சண்டை எதுவும் இல்லை. மாமா சம்பளத்தைக் கொடுக்கிறார், கடைக்குப் போகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார், ரசமோ மோரோ இல்லாவிட்டாலும் "நல்லா இருக்கு" என்கிறார். அதைச் சொல்லும் குரலைக் கேட்டால், மேடையறைச் சன்னல் ஓட்டை வழியாகச் சீட்டு நீட்டுகிற மாதிரி இருக்கும்.

போன வாரம் அவர் வெளியே போன பிறகு அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். வெளியே மழை வருகிற மாதிரி இருந்தது. அவர் குடை எடுக்காமல் போயிருந்தார்.

"ஏண்டா," என்றாள். "உங்க மாமா இப்பல்லாம் என்கிட்ட எதுவுமே கேக்கறதில்ல. கவனிச்சியா? நாய் விஷயத்தத்தான் அன்னிக்கே விட்டுட்டாரே. இன்னும் என்ன?"

நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். கேட்டாள்.

"நீ கதவுல நின்னத கண்டக்டர் சொல்லிட்டாருக்கா."

அவள் முகத்தில் இரத்தமே இல்லை. "எப்போ?" என்றாள்.

"அன்னிக்குச் சாயங்காலம். சாப்பிட உக்காரறதுக்கு முன்னாடி."